ஆணையரின் காலர்

கண்ணப்பன் கூப்பிட்டு, "சார், காலையில வண்டி வருது, ரெடியா இருங்க" என்று சொன்னால் இவர் சீரியலில் இருக்கிறார். கூப்பிட்டு, "சார், அந்த யூனிஃபார்மை மட்டும் கொடுத்தனுப்பிடுங்க" என்று சொன்னால் இவர் இல்லை. இவ்வளவுதான். நடுவில் வேறொன்றும் கிடையாது. ஏதோ இருக்கிற மாதிரி மத்தியானச் சாப்பாட்டிலிருந்து பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே, அதுதான் எனக்கு எரிச்சல். ரோட்டில் என்ன இருக்கிறது. தண்ணி லாரி நிற்கிறது, அதன் குழாயிலிருந்து சொட்டுகிறது, ஒரு நாய் அதை நக்குகிறது. சாலிகிராமத்தில் இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சீரியலில் இருக்கிறார், அல்லது இருந்தார், எல்லோருக்கும் இந்த வழக்கம் தெரியும். உங்களை எடுத்துவிட்டோம் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூப்பிடுவார், துணியைத் திருப்பிக் கேட்பார், "நல்லா இருக்கீங்களா சார், வீட்ல எல்லாரும் சௌக்கியமா" என்பார், முடிந்தது. எங்கள் சீரியலின் மேனேஜர் கண்ணப்பன் மரியாதையானவர், வீட்டில் எல்லாரையும் கட்டாயம் விசாரிப்பார். அந்தத் துணி இப்போது என் மடியில் கிடக்கிறது. வெள்ளி நிறம், தொட்டால் கார் சீட்டு உறை மாதிரி, தோளில் ரெண்டு பக்கமும் நட்சத்திரக் கூட்டம் என்று சொல்லி ஒட்டின ஜிகினா, அதில் பாதி என் வாஷிங் மெஷினில் போய்விட்டது. காலர் மட்டும் விறைத்து நிற்கிறது. உள்ளே ஏதோ பிளாஸ்டிக் பட்டை. ஆணையர் தலையைத் திருப்பும்போது உடம்போடு சேர்த்துத் திருப்ப வேண்டும், அப்போதுதான் கம்பீரம் என்று டைரக்டர் பையன் சொன்னானாம். கம்பீரம் இவர் கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு போட்டது, அப்புறம் கொப்புளம், போன வாரம் ரத்தம். தலையணை உறையில் பார்த்தேன். "கொசு கடிச்சிருக்கும்" என்றார். வரிசையாக அளவெடுத்தா கடிக்கும் கொசு? அன்றைக்குத்தான் காஸ்ட்யூமர்கிட்ட போனைப் போட்டு, இனிமேல் இதை நான் துவைத்துத் தருகிறேன், நீங்கள் அந்தச் சோடா உப்பில் ஊறப்போடுகிற வேலையை வேறு யார் கழுத்திலாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவனுக்கு ஒரு வேலை மிச்சம், சந்தோஷமாகக் கொடுத்துவிட்டான். அதனால்தான் இது இங்கே இருக்கிறது. அங்கேயே இருந்திருந்தால் கண்ணப்பனுக்குக் கேட்கக்கூட வேண்டியிருந்திருக்காது, இவர் பாட்டுக்கு நாள் கணக்கில் இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார், அதை நினைத்தால் நல்லதோ கெட்டதோ நான்தான் இதற்கு ஒரு முடிவு கட்டி வைத்திருக்கிறேன் என்று தோன்றுகிறது, அப்படித் தோன்றியதும் காலரின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்த பிளேடு வழுக்கிக் கட்டைவிரலில் ஒரு கோடு. ஒன்றுமில்லை. ரத்தம்கூட வரவில்லை.

முப்பது வருஷமாக இவர் நடித்ததெல்லாம் டாக்டர். கண்ணாடியைக் கழற்றி, "இருபத்து நாலு மணி நேரம் போகட்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்" என்று சொல்கிற டாக்டர். இல்லாவிட்டால் பெண்ணைப் பெற்றவர், துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு. ஒருமுறை நீதிபதி, அதில் முகத்தைவிட சுத்தியல்தான் அதிகம் தெரிந்தது. வீட்டு வசதிச் சங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே, லீவு போட்டு, லீவு போடாமல், குலசேகரன் என்ற பேர் எழுத்து ஓடும்போது வருகிறதா என்று டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு. பேர் வரும், விளம்பரத்துக்கு அவசரம், ஓடிவிடும். ஓய்வு பெற்ற அப்புறம்தான் இந்த 'வான்குடி' வந்தது. பூமியை விட்டுப் போன ஜனங்கள் ஆகாயத்தில் ஒரு பெரிய கூண்டில் குடியிருக்கிறார்கள், அதுதான் கதை. கூண்டு எங்கே என்றால் திருமழிசைப் பக்கம் மூடிப்போன ஐஸ் பாக்டரியில். கதவெல்லாம் தெர்மகோல், வெள்ளிப் பெயின்ட். தானாகத் திறக்கிற கதவை ரெண்டு லைட்மேன்கள் ரெண்டு பக்கமும் கயிறு கட்டி இழுக்கிறார்கள், ஒருவர் முந்திக்கொண்டால் ரீடேக். இவர் வீட்டுக்கு வந்து தலையை உதறினால் தெர்மகோல் முத்து முத்தாக விழும், கூட்டினால் கூட்ட வராது, காற்றடித்தால் சாமி படத்தில் போய் ஒட்டும். அந்தக் கூண்டுக்கு இவர் ஆணையர். வேலை என்னவென்றால், இல்லை என்று சொல்வது. மாறன் என்று ஒரு பையன், சுருட்டை முடி, அவன்தான் ஹீரோ, வாரா வாரம் யாரையோ காப்பாற்ற வெளியே போக வேண்டும் என்பான். கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற காற்று போகும், காற்று அளந்துதான் இருக்கிறது, குழந்தைகள் கூடத்துக்கு மிச்சம் வைக்க வேண்டும். ஆகையால் ஆணையர், "அனுமதி இல்லை" என்பார். மாறன் கேட்காமல் போவான். ஜெயித்துக்கொண்டு வருவான். ஏன் ஜெயிக்க மாட்டான், கதை எழுதுகிறவன் அவன் கட்சி. காற்று தீர்ந்து ஒரு குழந்தை மயங்கி விழுகிற மாதிரி ஒரே ஒரு வாரம் எழுதட்டுமே, அப்புறம் பார்க்கலாம் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று. எழுத மாட்டார்கள். அதனால் ஊரே சேர்ந்து ஆணையரைத் திட்டுகிறது. "இந்த அங்கிளை எந்த மண்டபத்துல புடிச்சீங்க, ஆகாசத்துல பந்தி விசாரிக்கிறாரு." "விளக்கெண்ணெய் குடிச்ச மூஞ்சி." "இவரைத் தூக்குங்க, சீரியல் உருப்படும்." "பழைய ஆணையரே எவ்வளவோ தேவலை." கடைசியாகச் சொன்னது ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, கும்பல் கும்பலாக. அப்படிப் பழையவர் எவ்வளவு உசத்தி என்று பார்க்கலாமே என்று ஒருநாள் மாவு அரைபடும் நேரத்தில் போனில் கமெண்ட்டுகளைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனேன், போன வருஷம் வரைக்கும். பழையவரை என்ன சொல்லியிருக்கிறார்கள்? "ஏன் இப்படிக் கத்தறான், முதல்ல இருந்தவரே எவ்வளவோ தேவலை." முதலில் இருந்தவரை? "ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்காரு, வேற யாரையாவது போடுங்கப்பா." கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது, மாவு கொழகொழத்துப் போனது, நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் சாது, ஒருவர் கத்தல், ஒருவர் மூஞ்சி. ஒவ்வொருவர் முதல் தடவை வரும்போதும் படம் அப்படியே நிற்கும், கீழே எழுத்து வரும், இவருக்குப் பதில் இவர் என்று. இனி நாலாவது ஒருத்தர் வருவார், அப்போது இவர்தான் அந்த எவ்வளவோ தேவலை. பெரிய பதவிதான்.

காலரின் உள்பக்கம் சாட்டின் பட்டை வைத்து மெஷினில் அடித்திருக்கிறான் காஸ்ட்யூமர். அதைப் பிரித்துவிட்டு இவருடைய பழைய வேட்டியில் ஒரு துண்டு வைத்துத் தைத்து, மறுபடி பட்டையை மேலே போட்டு மூடிவிடலாம் என்பது என் உத்தேசம். துவைத்துத் துவைத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம் போல் ஆகிவிட்ட வேட்டி. பட்டை ஒரு பக்கம் கழன்று வந்தது, அடியில் பிளாஸ்டிக் இருக்கும் என்று பார்த்தால் துணி. கைக்குட்டை. வெள்ளைக் கைக்குட்டையைக் கறுப்பு நூலில் தைத்திருக்கிறது, அதுவும் எப்படி, சட்டைக்குப் பட்டன் தைக்கிற மாதிரி ஒரே இடத்தில் நாலு குத்து, அப்புறம் ஒரு தாவல், மறுபடி நாலு குத்து. இது பொம்பளை தைத்த தையல் இல்லை. மேக்கப் ரூமில் உட்கார்ந்து, கிடைத்த நூலில், யாரும் வருவதற்குள் என்று ஒரு ஆம்பளை தைத்தது. இவருக்கு முன்னால் இதே யூனிஃபார்மைப் போட்டிருந்த அந்தக் கத்தினவர். எப்படிக் கத்துவார், நரம்பு புடைக்கும், கழுத்து காலரில் போய் முட்டும். ஆமாம், முட்டியிருக்கும். ஒருவேளை எரிச்சலில்தான் கத்தினாரோ என்னவோ, அதை யார் கண்டார்கள், டிவியில் கழுத்தின் உள்பக்கமா தெரிகிறது. கைக்குட்டை சல்லடையாகத் தேய்ந்துபோய் பிளாஸ்டிக்கின் ஓரம் பல் மாதிரி வெளியே எட்டிப் பார்க்கிறது. அதைச் சும்மா விரலால் நகர்த்தினேன். அடியில் இன்னொன்று. மஞ்சளாய்ப் போன மல் துணி, பிறந்த குழந்தைக்குப் போடுகிற சட்டைத் துணி, அதைச் சுற்றி வெள்ளை நூலில் அரிசிக் குருணை மாதிரி தையல். ஒன்றுக்கொன்று தொட்டும் தொடாமலும். எங்கள் கான்வென்ட்டில் தையல் வகுப்பு எடுத்த சிஸ்டர் பிலிப்பா பார்த்திருந்தால் கன்னத்தைத் தட்டியிருப்பார். என் கன்னத்தை அவர் தட்டினதே இல்லை. முன்பக்கம் எவ்வளவு அழகாகக் காட்டினாலும், "டர்ன் இட் ஓவர், ரேணுகா" என்பார். திருப்பினால் பின்பக்கம் என் அவசரமெல்லாம் அங்கே இருக்கும், முடிச்சும் தொங்கலும் குறுக்கே இழுத்த நூலுமாக. "யாருக்குப் பின்னால் ஓடுகிறாய் குழந்தை?" என்று கேட்பார். ரெசஸுக்கு, வேறென்ன. இந்தக் குருணைத் தையல்காரிக்கு ரெசஸே கிடையாது போல. முதல் ஆணையரின் பெண்டாட்டியாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம், மகளோ தங்கையோ, எனக்கென்ன தெரியும். ராத்திரிச் சாப்பாடெல்லாம் ஆனபின் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருத்தி. ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கிறார் என்று ஊர் சொன்னவருடைய கழுத்துக்காக. ஆச்சரியம் என்னவென்றால் போகும்போது ரெண்டு பேருமே இதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகவில்லை.

போன் அடித்தது. பால்கனியில் இவர் முதுகு விறைத்தது, திரும்பவில்லை, காலரே போடாமல் ஆணையர் மாதிரி. என் போன்தான். சிந்துஜா, புனேயிலிருந்து. "ரேணும்மா, கால் வந்துச்சா?" "இல்லை." "அப்பா என்ன பண்றாரு?" "ரோட்டுக்குக் காவல்." "நீ கமெண்ட் படிச்சியா?" "நான் எதுக்குடி அதையெல்லாம் படிக்கிறேன்." "படிச்சிருக்க. குரல்லயே தெரியுது. ரேணும்மா, இங்க பாரு, அவங்க அப்பாவைத் திட்டலை. அந்த ரோலைத் திட்டறாங்க. அங்க யார் வந்து நின்னாலும் திட்டு விழும். நானே திட்டிருக்கேன்." தெரியும். முதல் வாரத்திலிருந்து 'வான்குடி' பார்க்கிற கட்சி அவள். அந்தக் கத்தினவரைத் தூக்குங்கள் என்று இவளும் எழுதினாள், இவள் சிநேகிதிகள் நாலு பேரை எழுதவும் சொன்னாள், தூக்கினார்கள், அந்த இடத்தில் அப்பா வந்து நின்றார். "இப்ப புத்தி வந்துச்சாக்கும்" என்றேன். "வந்துச்சு. மாறன் போறதுக்கு யாராவது ஒருத்தர் போகாதேன்னு சொன்னாத்தான் அவன் போறது ஒரு கதை. அப்பா சொன்னாரு." "அப்பா நல்லாத்தான் சொல்வார். கழுத்து புண்ணாகிக் கிடக்கு." அவள் பக்கத்தில் ஆட்டோ சத்தம், யாரோ இந்தியில் கூப்பிடுகிறார்கள். அப்புறம், "நீ என்ன பண்ற?" என்றாள். "தைக்கிறேன்." "நீயா? பொறுமையாவா?" "போடி." "ரேணும்மா, உன்னைக்கூட நான் எவ்வளவு திட்டிருக்கேன்ல." திடீரென்று, சம்பந்தமே இல்லாமல். "திட்டினதோட விட்டியா, சுவத்துல எழுதினியே." "இன்னும் இருக்கா?" "பீரோவுக்குப் பின்னாடி இருக்கு. ரெண்டு தடவை வெள்ளையடிச்சாச்சு, பீரோவை நகர்த்த இந்த வீட்ல யாருக்குத் தெம்பு." பொய். ரெண்டு தடவையும் பெயின்டர் நகர்த்தத்தான் வந்தான், நான்தான் வேண்டாம் என்றேன். பென்சிலில் இத்தனூண்டு எழுத்து, 'ரேணு போ'. எனக்கு முதன்முதலில் வந்த கமெண்ட்.

அவளுக்கு அப்போது ஐந்து. அவள் அம்மா மஞ்சுளா மூளைக் காய்ச்சலில் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நான் வந்து நின்றேன். படம் அப்படியே நின்றது. கீழே எழுத்து ஒன்றும் போடவில்லை, ஆனால் கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அதை வாசித்தார்கள், வாசித்தது எனக்குக் கேட்டது. மத்தியானம் குழந்தைக்குச் சாதம் பிசைந்தேன். நெய் ஜாடியைத் திறக்கும்போதே தெரிந்துவிட்டது, நாத்தனார் ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள், ஸ்பூன் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்கிறார்கள். நிறைய விட்டால், "பாரேன், நம்ம எதிர்ல எப்படி நடிக்கிறா." கொஞ்சமாக விட்டால், "பாரேன், நம்ம எதிர்லயே இப்படி." அளவாக விட்டால், அளந்தா விடுவது பெற்ற பிள்ளைக்கு. எந்த அளவிலும் அந்தச் சாதத்துக்கு நெய் விட முடியாது. எனக்கு வந்ததே கோபம், அவர்கள்மேல் இல்லை, நெய்மேல், ஜாடியைக் குழந்தை கையிலேயே கொடுத்து, "உனக்கு எவ்வளவு வேணுமோ விட்டுக்கோ" என்றேன். கவிழ்த்துவிட்டாள். பாயெல்லாம் நெய். அதற்கும் ரொம்ப நாளைக்குக் கமெண்ட் ஓடியது. மஞ்சுளா இருந்தவரை அவளையும் இவர்கள் நல்லபடியாக வைத்துக்கொள்ளவில்லை என்று பிற்பாடு பக்கத்து வீட்டம்மா சொன்னாள், மருமகளாய் வந்தவள் தலையெடுக்கவே விட்டதில்லையாம், இறந்த அப்புறம்தான் அவள் எவ்வளவோ தேவலை ஆனாளாம். காய்ச்சல் இருக்கிறது, எக்ஸ்கர்ஷன் போகாதே. இருமுகிறாய், ஐஸ்கிரீம் கிடையாது. கொட்டுகிற மழையில் சைக்கிள் எடுக்காதே. எந்த அம்மாவும் சொல்வதுதான். பெற்றவள் சொன்னால் அக்கறை, நான் சொன்னால் சித்தி புத்தி. குழந்தையும் அப்படியே முகத்தைத் தூக்கிக்கொண்டு போய் பீரோ இடுக்கில் உட்காரும். காற்று அளந்துதான் இருக்கிறது கண்ணே, உனக்காகத்தான் மிச்சம் வைக்கிறேன் என்று வசனம் பேச எனக்குத் தெரியவில்லை, எனக்கு எப்போதும் வாய் முந்திக்கொள்ளும், "அழுதா அழு" என்று போய்விடுவேன். அப்புறம் ஜூன் மாசம் ஸ்கூல் திறந்தபோது பினஃபோர் குட்டையாகிவிட்டது. புதுசு வாங்கலாம் என்றார் இவர். வாங்குவதற்கு முன் சும்மா விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே துணியை நாலு மடிப்பு மடித்து வைத்துத் தைத்திருந்தது. ஒவ்வொரு வருஷமும் ஒரு மடிப்பு பிரித்துவிட்டால் போதும், குழந்தை வளர வளரக் கூடவே வரும். வளர்ந்து நிற்கும் மகளை அந்தப் பெண் எத்தனை வருஷம் முன்னாலேயே பார்த்துவிட்டிருக்கிறாள், தான் பிரிக்கப் போவதில்லை என்பது மட்டும் தெரியாமல். அன்றைக்குத் தையலைப் பிரித்தபோது ஒரு நூலும் அறுந்துபோகக் கூடாது என்று எனக்கு என்னமோ ஒரு வெறி. ஊசி முனையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, அவள் மடித்த தடத்திலேயே என் தையலைப் போட்டேன். என் வாழ்க்கையில் பின்பக்கமும் நன்றாக வந்த ஒரே தையல். வருஷா வருஷம் ஜூனில் ஒரு மடிப்பு. அவளை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த விளிம்பில் அவளும் நானும் உட்கார்ந்து எவ்வளவு நேரம் பேசியிருக்கிறோம் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கடைசி மடிப்பைப் பிரித்த வருஷம்தான் சிந்துஜா ஒருநாள் ஸ்கூல் கேட்டில், "எங்கம்மா கூப்பிடறாங்க, நான் வரேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தாள். நான் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன், திறந்துகொண்டே இருந்தேன், அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

"ரேணும்மா, இருக்கியா?" "இருக்கேன். வை, கண்ணப்பன் லைன்ல வந்தாலும் வருவார்." "அவர் அப்பாவோட போன்லதானே வருவார்." "வைடி." வைத்துவிட்டாள். பால்கனியிலிருந்து இவர் உள்ளே வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றார். மோவாயைத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தார், எண்ணெய் தடவின இடம் பளபளக்கிறது. என்னைக் கண்ணாடியில் பார்த்து, "சிந்துவா?" என்றார். "ம்." "என்னவாம்?" "உங்க மூஞ்சி நல்லா இருக்காம்." சிரித்தார். அந்த மூஞ்சியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆணையர் வேஷம் வந்த புதிதில் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்று விதவிதமாகச் சொல்லிப் பார்ப்பார், பக்கெட் நிரம்பி வழியும். "எது ரேணு கோபம் வராத மாதிரி இருக்கு?" "இல்லேன்னு சொல்றதுல கோபம் வராத மாதிரி எது?" என்றேன். ஒருநாள் ஷூட்டிங்கிலிருந்து வந்து ரொம்பப் பெருமையாக, "புடிச்சிட்டேன்" என்றார். "என்னத்த?" "நீ சிந்துகிட்ட சொல்லுவியே, எக்ஸ்கர்ஷன் போகாதேன்னு, அப்ப கதவைப் பாத்துக்கிட்டுச் சொல்லுவே, அவளைப் பாக்க மாட்டே. பாத்தா விட்டுக் கொடுத்துடுவேன்னு. அதைத்தான் பண்றேன்." அந்த வாரம் டிவியில் பார்த்தால், அடப்பாவி, என் மூஞ்சி. உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, கண் கதவுமேல். விளக்கெண்ணெய் குடித்தது நான்தான். ஊரெல்லாம் சேர்ந்து இத்தனை நாளாக என்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறது, அவருக்குப் பாவம் கழுத்து மட்டும்தான் சொந்தம். அதை அவரிடம் சொல்லி வம்பிழுக்க வேண்டும் என்று நினைத்ததுண்டு, சொல்லவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக டிவியில் ஒரு ஆள் நடந்து வருகிறபோது அது இவர் மாதிரி இல்லாமல் வேறொரு ஆளாக இருந்தது. ஐஸ் பாக்டரி ஐஸ் பாக்டரியாகத் தெரியவில்லை. குழந்தைகள் கூடத்துக் கதவில் இவர் கையை வைத்துச் சும்மா நின்ற ஒரு சீன் உண்டு, வசனம் கிடையாது, காற்று இருக்கிறதா என்று உள்ளங்கையால் பார்க்கிற மாதிரி. அதற்கு ஒருத்தர்கூட ஒன்றும் எழுதவில்லை. இப்போது இந்த மனுஷனை மறுபடி கண்ணாடியைக் கழற்றி இருபத்து நாலு மணி நேரம் போகட்டும் என்று சொல்ல அனுப்புவார்கள், இவரும் போவார், முகம் கோணாமல் போவார், அதுதான் எனக்குப் பயம். கோணினால் சண்டை போட்டுச் சரி செய்துவிடுவேன். கோணாத மனுஷனை என்ன செய்வது. மஞ்சுளா போனபோதுகூட இப்படித்தான் பால்கனியில் நின்றாராம்.

மேல் வீட்டில் குக்கர் சத்தம். தெருவிளக்கு எரிந்தது, பாதி வெளிச்சத்தில் எரிவதும் எரியாததும் ஒன்றுதான். வேட்டித் துண்டைக் கத்தரித்து, ஓரம் மடித்து, காலரில் வைத்து நீவுகிறேன். அடியில் மல் துணி, அதன்மேல் கைக்குட்டை, அதன்மேல் இது. ரெண்டையும் பிரிக்க மனசு வரவில்லை, அந்தக் கறுப்பு நூலைக்கூட. அப்போது அடித்தது. இவர் போன். பாட்டு முழுக்க ஓடட்டும் என்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார், "எடுங்களேன்" என்றேன், எடுத்தார். "சொல்லுங்க கண்ணப்பன். நல்லா இருக்கோம். ரேணுவும் சௌக்கியம். சிந்துவும்." வீட்டில் எல்லாரையும். என் கை நின்றுவிட்டது. "ம். ம். அதனால என்ன, பரவால்ல. இருக்கு, வீட்லதான் இருக்கு. துவைச்சாச்சு." கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கோணவில்லை. "யாரு வர்றாங்க? ஓ, அவரா, நல்ல ஆர்ட்டிஸ்ட். கண்ணப்பன், ஒண்ணே ஒண்ணு. அவர்கிட்ட மறக்காம சொல்லிடுங்க, அந்தக் கட்டளை மேடையில ஏறுறப்ப மூணாவது படி ஆடும். வலது காலை வச்சா ஆடாது. ஆமா. சரி. வச்சிடறேன்." போனை டிவிக்குப் பக்கத்தில், பேர் ஓடும்போது போய் நிற்பாரே அந்த இடத்தில், வைத்தார். கொஞ்ச நேரம் அதைச் சரியாக நேராக்கினார். பிறகு என் பக்கத்தில் வந்து, "விட்டுடு ரேணு" என்றார். "ஆள் கிளம்பிட்டானாம், இந்தப் பக்கம்தான் வர்றான். பட்டையை அப்படியே ஒட்டிக் குடுத்துடலாம். இனிமே எதுக்கு."

எதுக்கு. வருகிறவர் எப்படியும் ஒரு வாரத்தில் எதுவோ ஒன்று ஆகப்போகிறார், குட்டை, நெட்டை, கிழம், மூக்கு. முதல் நாள் அந்த மேடையில் வலது காலை வைத்து ஏறி நிற்பார், படம் நிற்கும், கீழே எழுத்து வரும். வீட்டில் யாராவது டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்பார்கள். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது, அழுதால் இவரும் அழுவார், ரெண்டு பேரும் அழுதுகொண்டு கதவைத் திறந்தால் நன்றாகவா இருக்கும். நிமிர்ந்து அவரைப் பார்க்காமல் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டு, "அனுமதி இல்லை" என்றேன். அசையாமல் நின்றார். கோபித்துக்கொண்டாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தால் தலையைச் சாய்த்துக்கொண்டு, நாடகத்தில் ஒத்திகை பார்க்கிறவர் மாதிரி, உதடு லேசாக அசைகிறது, சொல்லிப் பார்க்கிறார். "இது" என்றார். "இந்தக் கடைசியில லேசா உடையுது பாரு. இது மட்டும் எனக்கு வரவே இல்லை." குரல் அவருக்கும் அங்கேயே உடைந்தது. நான் ஊசியையும் நூலையும் நீட்டினேன், எனக்கு இந்த வெளிச்சத்தில் ஊசிக் காது தெரிவதில்லை. "கோத்துக் குடுங்க." தெருவிளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஒரே தடவையில் கோத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, காலரின் மறுமுனையைத் துணி சுருங்காமல் இருக்கட்டும் என்று ரெண்டு விரலால் பிடித்துக்கொண்டார். பாதி தூரம் வந்திருப்பேன், காலிங் பெல் அடித்தது. வழக்கமாக அந்தப் பெல் ரெண்டாம் தடவை அடிப்பதற்குள் கதவைத் திறந்து என்ன வேணும் என்று கேட்டிருப்பேன். "ஒரு நிமிஷம்ப்பா" என்று இவர் குரல் கொடுத்தார், ஆணையர் குரல், கதவுக்கு வெளியே சத்தமே இல்லை. துணியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு தொங்கலும் இல்லை. மறுபடி திருப்பி, அடுத்ததை அதைவிடச் சின்னதாகப் போட்டேன், எந்தக் கழுத்து வந்தாலும் தெரியாத அளவுக்கு.